பயோமார்க்கர்: குறிப்பானா, குறிகாட்டியா?

பிறந்து ஏழெட்டு வாரமான குதிரைக்குட்டி ஒன்று தாயோடு மேய்ச்சல் வெளியில் ஓடுகிறது, பால் குடிக்கிறது, பார்ப்பவர் கண்ணுக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் அதன் நுரையீரலுக்குள் சீழ்க்கட்டிகள் திரண்டுகொண்டிருக்கலாம். இருமலும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வெளிப்படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். அதற்கு முன்பே இரத்தத்தில் எதையேனும் அளந்து நோயைக் கண்டுகொள்ள முடியுமா என்று கால்நடை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகத் தேடிவருகிறார்கள். அவ்வாறு அளக்கப்படுவதற்குப் ‘பயோமார்க்கர்’ என்று பெயர். தமிழில் இதனை உயிரிக்குறிப்பான், உயிர்க்குறிப்பான், உயிரியல் குறியீடு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். இவற்றுள் எது பொருந்தும் என்பதை அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய இயலாது. அந்தச் சொல் வேலை செய்யும் இடத்தில் அதைப் பார்க்க வேண்டும்.

‘பயோ’ என்பது உயிர்வாழ்வைக் குறிக்கும் ‘பியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘மார்க்’ ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு எல்லை என்ற பொருளும் இருந்தது. எல்லையைக் காட்ட நட்ட அடையாளம், பிறகு எந்த அடையாளமும், என்று பொருள் விரிந்தது. டென்மார்க் என்ற நாட்டுப் பெயரின் பின்பகுதியும் இதே சொல் என்றே பெரும்பாலோர் கொள்வர். ‘பயாலஜிக்கல் மார்க்கர்’ என்று இரண்டு சொல்லாக இருந்ததே பின்னர் ஒன்றாகச் சுருங்கியது. நிலவியலாளர்களும் இதை ஆள்கிறார்கள். பாறையிலும் கச்சா எண்ணெயிலும் பண்டைய உயிர்கள் விட்டுச்சென்ற மூலக்கூறுகளுக்கு அவர்களிடம் இதே பெயர்.

மருத்துவத்தில் இச்சொல்லுக்குத் திட்டமான வரையறை கிடைத்தது பிற்காலத்தில்தான். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1998இல் கூட்டிய பணிக்குழு வகுத்து, 2001இல் வெளியான வரையறையின் சாரம் இது: உடலின் இயல்பான செயற்பாட்டையோ, நோய்ச் செயற்பாட்டையோ, சிகிச்சைக்கு உடல் தரும் எதிர்வினையையோ காட்டுவதாக, பார்ப்பவரின் விருப்பு வெறுப்புக்கு இடமின்றி அளந்து மதிப்பிடத்தக்க ஒரு பண்பு. 2016இல் அந்நிறுவனங்களும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் சேர்ந்து வெளியிட்ட சொற்றொகுதி, நோயாளி எப்படி உணர்கிறார், எப்படி இயங்குகிறார், எவ்வளவு காலம் உயிர் வாழ்கிறார் என்பவை பயோமார்க்கர் ஆகா என்று வேலி போட்டது. ஆகவே ‘அறிகுறி’ என்ற நம் சொல்லை இதற்குப் பயன்படுத்த முடியாது. இருமல் அறிகுறி, இரத்தத்தில் கூடிய புரதத்தின் அளவு வேறொன்று.

இனி நோய்க்கு வருவோம். ஒன்று முதல் ஆறு மாத வயதுள்ள குட்டிகளைத் தாக்கும் நிமோனியாவுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று ‘ரோடோகாக்கஸ் ஈக்வி’ என்ற பாக்டீரியா. 1923இல் சுவீடனில் மேக்னுசன் என்ற ஆய்வாளர் இதனை நோயுற்ற குட்டிகளிலிருந்து பிரித்தெடுத்தார். பெயரின் முற்பகுதி ரோஜாவையும் தானிய மணியையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களால் ஆனது. பிற்பகுதி ‘குதிரையினுடைய’ என்னும் லத்தீன். (தொல்காப்பிய மரபியல் குதிரையின் இளமைக்கு ‘மறி’ என்ற பெயரைத் தருகிறது. இன்று மறி என்றால் ஆடுதான் நினைவுக்கு வரும் என்பதால் இங்கே குட்டி என்றே எழுதுகிறேன்.) மண்ணிலும் சாணத்திலும் வாழும் இக்கிருமியைப் புழுதியோடு சேர்த்துக் குட்டி மூச்சில் இழுக்கிறது. கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய பெருவிழுங்கணுக்களுக்குள்ளேயே இது தங்கிப் பெருகுகிறது. தொற்று பிறந்த முதல் நாட்களிலேயே நேரலாம். நோய் வெளிப்பட வாரக்கணக்கில் ஆகும்.

அளக்கப்படுபவற்றுள் பழையது ஃபைப்ரினோஜன், அதாவது இரத்தம் உறையும்போது நாராக மாறும் புரதம். அதை அளக்கும் எளிய முறை ஒன்றைக் கிட்ட இருந்து பார்க்கலாம். குட்டியின் கழுத்துச் சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தை உறையாமல் காக்கும் குப்பியில் விட்டு, இரண்டு மெல்லிய கண்ணாடி நுண்குழாய்களில் ஏற்றிச் சுழற்றுவார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்க, மேலே வைக்கோல் நிறத்தில் நீர்மம் தெளியும். ஒரு குழாயின் நீர்மத்தில் உள்ள மொத்தப் புரதத்தை ஒளிவிலகல்மானியில் பார்ப்பார்கள். மற்றதை 56 டிகிரி செல்சியஸ் நீரில் மூன்று நிமிடம் வைத்தால் ஃபைப்ரினோஜன் மட்டும் திரிந்து வெண்மையாகத் திரளும்; மீண்டும் சுழற்றினால் அது கீழே இறங்கிவிடும்; எஞ்சிய நீர்மத்தை அளப்பார்கள். முதல் அளவு டெசிலிட்டருக்கு 6.4 கிராம், இரண்டாவது 5.8 கிராம் என்றால், வேறுபாடான 0.6 கிராம், அதாவது 600 மில்லிகிராம், ஃபைப்ரினோஜன்.

அந்த 600 என்ன சொல்கிறது? பொதுவாக 400 வரை இயல்பு என்று கொள்வதால், உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. நுரையீரலில் என்றோ, ரோடோகாக்கஸால் என்றோ சொல்லவில்லை. தொப்புள்கொடியில் சீழ் பிடித்தாலும் மூட்டில் தொற்று இருந்தாலும் அதே எண் வரக்கூடும். வெள்ளையணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 13,000ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று வைக்கும் எல்லையும் இத்தகையதே: எல்லையைத் தாழ்த்தினால் நலமான குட்டிகளும் வலையில் விழும், உயர்த்தினால் நோயுற்றவை நழுவும். ‘மார்க்’ என்ற சொல்லின் பழைய எல்லைப் பொருள் இவ்விடத்தில் திரும்பி வந்து நிற்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்படுவது ‘சீரம் அமைலாய்டு ஏ’. ஈரலில் உண்டாகும் இப்புரதம் நலமான குதிரையின் இரத்தத்தில் மிகச் சிறிதளவே இருக்கும். அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி நூறு மடங்குக்கும் மேல் போகக்கூடும், குணமாகும்போது விரைவில் இறங்கும். ஃபைப்ரினோஜன் ஏறவும் இறங்கவும் நாட்கள் எடுத்துக்கொள்ளும். இருந்தும், ரோடோகாக்கஸ் நிமோனியாவைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பதில் அமைலாய்டின் அளவு குட்டிக்குக் குட்டி மாறி, ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்ட முடிவையே தந்திருக்கிறது. சிகிச்சை வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்ப்பதற்கே அது கூடுதலாக உதவுகிறது. ‘அமைலாய்டு’ என்றால் மாப்பொருள் போன்றது என்று பொருள். 1854இல் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோவ், உறுப்புகளில் படிந்திருந்த ஒரு பொருள் அயோடினோடு நிறம் மாறியதைக் கண்டு அதை மாப்பொருள் வகை என்று கருதி இப்பெயரிட்டார். சில ஆண்டுகளிலேயே அது புரதம் எனத் தெரியவந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தவறாகப் படிப்பதன் விலை சிறியதன்று. மீயொலிக் கருவியில் (அல்ட்ராசவுண்ட்) நுரையீரலில் சிறு கட்டி தென்பட்ட குட்டிகளில் பல மருந்தின்றியே தேறுவதை ஜெர்மானியப் பண்ணை ஆய்வு காட்டியிருக்கிறது. கட்டி தெரிந்த எல்லாக் குட்டிகளுக்கும் மேக்ரோலைடு, ரிஃபாம்பின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்துகளைக் கொடுத்த கென்டக்கிப் பண்ணைகளில் அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பரவின.

இனிச் சொல். ‘உயிரி’ என்ற முன்னொட்டு எனக்கு உடன்பாடில்லை. உயிரி என்றால் உயிருள்ள ஒன்று. நுண்ணுயிரி என்று கிருமியைச் சொல்லும் பழக்கத்தால், ‘உயிரிக்குறிப்பான்’ கிருமியைக் காட்டுவது என்றே தொற்றுநோய் பற்றிய கட்டுரையில் படிக்கப்படும். ஃபைப்ரினோஜனும் அமைலாய்டும் கிருமியின் பொருள்கள் அல்ல, குட்டியின் உடல் தரும் பதில். ‘குறியீடு’ வேதியியல் குறியீடு, அஞ்சல் குறியீடு போல மனிதர் உடன்பட்டு வைத்துக்கொண்டதற்கு உரியது. உடல் யாரோடும் உடன்படிக்கை செய்துகொள்ளவில்லை. ‘குறிப்பான்’ வழக்கில் வேரூன்றிய சொல்தான். ஆனால் ‘அவன் நாளை குறிப்பான்’ என்ற வினைமுற்றோடு உருவத்தில் ஒன்றிப்போவது மட்டுமல்லாமல், குறிக்கும் வேலையை அந்தப் பொருளே செய்வதாகவும் தொனிக்கிறது. வரையறை ‘காட்டுவது’ என்றே சொல்வதாலும், பொருளாதாரக் குறிகாட்டி என்று ஏற்கெனவே பழகியிருப்பதாலும், ‘உயிர்க்குறிகாட்டி’ என்பதே என் தேர்வு. இரத்தத்தில் அளப்பதைக் ‘குருதிக் குறிகாட்டி’ எனலாம். மூச்சுக்குழாய்க் கழுவுநீரில் தேடப்படும் ரோடோகாக்கஸின் நச்சுத்திறன் மரபணுவையோ ‘கிருமிக் குறிகாட்டி’ என்று பிரித்தெழுத வேண்டும். முன்னதில் குட்டியின் உடலும் பின்னதில் கிருமியும் பேசுகின்றன.