ஏஐ எழுதியதா என்று கருவியைக் கேட்டால்

மாணவர் தந்த அசைன்மென்ட்டை, ஏஐ எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவியில் போட்டால் 'இதில் இத்தனை சதவீதம் ஏஐ எழுதியது' என்று வந்துவிடுகிறது. பார்க்க ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரியே இருப்பதால் பேராசிரியர்கள் பலர் அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஆனால் யார் எழுதியது என்பது அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. இவற்றில் பல பார்ப்பதெல்லாம், அடுத்த சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான்.

'மழை தூறியதும் அவன் குடையை' என்று நிறுத்தினால் 'விரித்தான்' என்று நாமே முடித்துவிடுவோம். 'அடகு வைத்தான்' என்று வந்தால் திடுக்கிடுவோம் இல்லையா, அந்தத் திடுக்கிடலை எண்ணாக்கிக் கட்டுரை முழுக்கக் கணக்குப் பார்த்தால் கிடைப்பதுதான் பெர்ப்ளெக்சிட்டி. சாட்ஜிபிடி போன்றவை பெரும்பாலும் வரக்கூடிய சொல்லையே போட்டு எழுதுவதால் அந்த எண் குறைவாக இருக்கும். எண் குறைந்தால் ஏஐ. அவ்வளவுதான் தர்க்கம்.

வம்பும் இங்கேதான். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர், தப்பு வராத, பழகிய சொற்களை வைத்துத்தானே எழுதுவார்? 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், அப்படிப்பட்டவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள்; சராசரியாகப் பாதிக்கும் மேல் ஏஐ என்று வந்தது. அப்புறம் அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொற்களை மெருகேற்றியதும் பழி வெகுவாகக் குறைந்துவிட்டது. இதைவிடக் கூத்து வேண்டுமா!

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படியொரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே எடுத்துவிட்டது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் போட்ட கணக்கு எனக்குப் பிடித்தது: 2022-இல் அங்கே டர்னிட்டின் என்ற காப்பியடித்தலைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குப் போனவை 75,000 கட்டுரைகள், நூற்றுக்கு ஒன்று தவறினால்கூட 750 கட்டுரைகள் மேல் வீண்பழி. 2023 ஆகஸ்டில் டர்னிட்டினின் ஏஐ கண்டுபிடிப்பு வசதியை நிறுத்திவிட்டார்கள்.

சந்தேகம் வந்தால் மாணவரைக் கூப்பிட்டு 'மூன்றாம் பத்தியில் இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்?' என்று கேட்கலாம், வரைவுகளைக் காட்டச் சொல்லலாம். பெரிய வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள், நியாயம்தான். அப்படியானால் அசைன்மென்ட்டுகளைக் குறைக்க வேண்டியதுதான், சதவீதத்தை வைத்துத் தண்டிப்பது அதற்கு மாற்றாகாது. அதற்கும் முன்னால், மொழித் திருத்தத்துக்கு ஏஐ பரவாயில்லை, வாதத்தை அது அமைத்துத் தரக்கூடாது, பயன்படுத்திய இடத்தைக் குறிப்பிட வேண்டும் என்பதையெல்லாம் கேள்வித்தாளிலேயே எழுதிவிடலாம். திருத்தி மதிப்பெண் போட ஆசிரியர் ஏஐ-யின் உதவியை எடுப்பதாக இருந்தால் அதையும் அதே தாளில் சொல்லிவிட வேண்டும்.