மாத்திரைப் பெயரின் வால்

சேலத்தில் ஓர் இடத்தின் பெயர் எப்படி முடிகிறது என்று பார்த்தாலே அதன் பழைய கதை பாதி தெரிந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை என்று பேட்டையில் முடிந்தால் சந்தையும் வியாபாரமும் நடந்த இடம். கிச்சிப்பாளையம், அரிசிப்பாளையம் என்றால் பழைய படைகள் தங்கிய நினைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டி என்றால் சின்ன ஊர். இன்றைக்கு அஸ்தம்பட்டி சிக்னலில் நிற்பவரிடம் இது சின்ன ஊர் என்று சொன்னால் சிரிப்பார். ஆனாலும் வால் வால்தான்.

மாத்திரைகளுக்கும் இப்படி ஒரு வால் இருக்கிறது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அம்மாபேட்டைப் பெரியம்மாவின் மஞ்சப்பை.

பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தறிக்குழியில் உட்கார்ந்தே பாதி ஆயுள் போனது. கொஞ்ச நாளாகப் படுக்கையை விட்டு எழுந்தால் கண்ணை இருட்டுகிறது என்றார். "எந்திரிச்சா தலை கிர்ருங்குது சாமி." வயசாச்சு, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நான் பையைக் கவிழ்த்தேன். பிரஷருக்கு என்று இரண்டு அட்டைகள். ஒன்று பல வருடமாகப் பார்க்கும் டாக்டர் எழுதியது. இன்னொன்று, மூட்டு வலிக்காக வேறோர் ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தபோது கொடுத்தது. கம்பெனி வைத்த பெயர்கள் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. முதல் அட்டையில் டெல்மிசார்டான், அம்லோடிபின் என்று இரண்டு மருந்துகள் சேர்ந்த மாத்திரை. இரண்டாவதை மெடிக்கலில் கத்தரியால் வெட்டிக் கொடுத்திருந்ததால் பெயரின் தலை போய்விட்டது. மிச்சம் இருந்தது 'சார்டான் பொட்டா' மட்டும். லோசார்டான் பொட்டாசியம். தலை போனாலும் வால் தப்பித்தது, அதுதான் காட்டிக்கொடுத்தது.

சார்டான் என்று முடிகிற எல்லா மருந்தும் ஒரே வேலையைச் செய்கிறது. சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை ரத்தத்தில் விடுகிறது. அதனால் ஆஞ்சியோடென்சின் 1 என்ற பொருள் உண்டாகிறது. அதை ஏ.சி.இ. என்ற இன்னொரு நொதி ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றுகிறது. இந்த இரண்டாவது ஆள் போய் ரத்தக் குழாயின் சுவரில் உள்ள பூட்டில் சாவி மாதிரி நுழைந்தால் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். சார்டான்கள் அந்தப் பூட்டின் துளையை அடைத்துவிடும். லோசார்டான், டெல்மிசார்டான், ஓல்மிசார்டான் எல்லாமே அதே பூட்டுக்குத்தான். பெரியம்மா அதே துளையை இரண்டு கம்பெனிச் செலவில் அடைத்துக்கொண்டிருந்தார். பிரஷர் அளவுக்கு மேல் இறங்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. நாங்களாக எதையும் நிறுத்தவில்லை. இரண்டு அட்டையையும் பழைய டாக்டரின் மேசையில் வைத்தோம். ஒன்றை எடுத்துவிட்டார்.

அப்புறம் ஏற்காட்டுச் சித்தப்பா. காபித் தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மூன்று மாதமாக வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. மலைப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று மிளகுக் கஷாயம் குடித்தார். கடைசியில் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கிப் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி இருமலும் கூடவே வந்தது. சட்டைப்பையில் இருந்த மாத்திரையின் பெயர் ராமிப்ரில்.

பிரில் என்று முடிபவை மேலே சொன்ன ஏ.சி.இ. நொதியையே கட்டிப்போடுபவை. இந்தக் குடும்பத்துக்கு வழிகாட்டியது ஒரு பாம்பு. பிரேசிலின் ஜரராக்கா விரியன் கடித்தவர்களுக்கு பிரஷர் சட்டென்று விழும். அந்த விஷத்தில் இருந்த பொருளைப் பார்த்துப் பார்த்து ஆய்வாளர்கள் கேப்டோப்ரில் என்ற மருந்தைச் செய்தார்கள். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனலாப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதற்குப் பின் வந்த தம்பிகள். சிக்கல் என்னவென்றால், ஏ.சி.இ. நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகைனின் என்ற பொருளை அதுதான் உடைத்துக் கழிக்கிறது. நொதியைக் கட்டிப்போட்டால் பிராடிகைனின் நுரையீரல் பக்கம் தேங்கி இருமலைக் கிளப்பும். எல்லோருக்கும் வராது, ஆனால் அபூர்வமும் இல்லை. சார்டான் நொதியைத் தொடுவதில்லை, பூட்டை மட்டும் அடைக்கிறது. அதனால் டாக்டர் சித்தப்பாவுக்கு பிரிலை எடுத்துவிட்டு சார்டான் எழுதினார். இருமல் அடுத்த நாளே நிற்கவில்லை, சில வாரம் பிடித்தது. பனிதான் குறைந்துவிட்டது என்று சித்தப்பா இன்னும் நம்புகிறார்.

இந்த வால்களை ஒட்டுவது யார்? உலக சுகாதார அமைப்பு. ஒரே மருந்துக்கு நாட்டுக்கொரு பெயர், கம்பெனிக்கொரு பெயர் என்று குழம்பிக் கிடந்ததால் 1950-ல் தீர்மானம் போட்டு, 1953-ல் பொதுப்பெயர்களின் முதல் பட்டியலை வெளியிட்டார்கள். நாம் ஜெனரிக் பெயர் என்று சொல்வது இதைத்தான். ஒரே வகை மருந்துகளுக்கு ஒரே வால், அதற்கு முன்னால் கம்பெனி விரும்பும் ஓசை. நோயின் பெயரோ உடல் உறுப்பின் பெயரோ உள்ளே தெரியக்கூடாது என்பது விதி. அதனால்தான் இந்தப் பெயர்கள் எல்லாம் வேற்றுக்கிரக மொழி மாதிரி ஒலிக்கின்றன. சில வால்களில் பிறந்த வீடு தெரியும். பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அந்த லிக்னோகெயினின் கெயின், கொகெயினில் இருந்து வந்தது. அம்லோடிபினின் டிபின், டைஹைட்ரோபிரிடின் என்ற நீளமான வேதிப்பெயரைச் சுருக்கியது. அக்கிக்குக் கொடுக்கும் ஏசைக்ளோவிரின் விர், வைரஸ். ஆய்வகத்தில் வளர்க்கும் எதிர்ப்புரதங்களுக்கு மாப் என்று வால் வைத்தார்கள். ஆள் பெருகி நெரிசல் ஆகிவிட்டதால் 2021-ல் வார்டு பிரித்த மாதிரி புதியவற்றுக்கு நான்கு வால்களாகப் பிரித்துவிட்டார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வசதி சுகர் மாத்திரைகளில் இருக்கிறது. பெயரில் கிளி உட்கார்ந்திருக்கும். கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, சிட்டாகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின். கிளி என்ற ஒலி சர்க்கரையைக் குறைக்கும் மருந்துக்கான அடையாளம். மெட்ஃபார்மின் மாதிரி சிலதான் கிளி இல்லாமல் தனியாக நிற்கும். ஆனால் கிளிகள் எல்லாம் ஒரே இனம் இல்லை. கிளிமெபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். கிளிப்டின், சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன் சீக்கிரம் சிதையாமல் காக்கும். அதைத் தனியாக எடுத்தால் சர்க்கரை ஒரேயடியாக விழுவது குறைவு. கிளிஃப்ளோசின் போகும் வழியே வேறு. சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 கிராம் சர்க்கரையை வடிகட்டி, கிட்டத்தட்ட அவ்வளவையும் ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. திருப்பி அனுப்பும் கதவில் ஒன்றை இது மூடிவிடும். சர்க்கரை சிறுநீரோடு போகும். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வருவதற்கும் அந்தச் சர்க்கரைதான் காரணம். ஃப்ளோசின் என்ற வால், ஆப்பிள் மரப் பட்டையில் 1835-ல் கண்டெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருளின் நினைவாக வந்தது. ஏற்காட்டில் ஆப்பிள் இல்லை, ஆரஞ்சுதான், இல்லையென்றால் சித்தப்பா அதற்கும் ஒரு கதை சொல்வார்.

வாலைப் பார்த்து ஏமாறவும் இடம் உண்டு. பாராசிட்டமால், சால்புடமால், அட்டெனோலால் மூன்றும் காதுக்கு ஒன்று போலவே முடியும். வேதியியலில் 'ஆல்' என்பது யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் சட்டை. குடும்ப அடையாளம் 'ஓலால்' என்று சேர்ந்து வருவது: அட்டெனோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால். இவை பீட்டா ஏற்பி என்ற இன்னொரு வகைப் பூட்டை அடைத்து இதயத் துடிப்பை நிதானப்படுத்துபவை. ஆஸ்துமாக்காரர் இழுக்கும் சால்புடமால் அதே வகை ஏற்பியைத் திறந்துவிட்டு மூச்சுக் குழாயை விரிக்கிறது. ஒன்று மூடும், மற்றது திறக்கும். ஆஸ்துமா உள்ளவர் ப்ரோப்ரனோலாலைக் கண்டால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வயிற்று அமிலத்துக்கான பான்டோப்ரசோல், ரபெப்ரசோல் பழகியவர்கள் அரிபிப்ரசோலைப் பார்த்து கேஸ் மாத்திரை என்று நினைத்துவிடலாம். அது மனநல மருந்து. கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டினின் உண்மையான வால் ஸ்டாட்டின் இல்லை, வாஸ்டாட்டின். நிஸ்டாட்டின் என்று ஒரு பூஞ்சை மருந்து உண்டு, அது நியூயார்க் மாநிலத்தின் பெயரில் பிறந்தது, கொழுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆன்டிபயாடிக்குகளில் வரும் மைசின் என்ற வால் பிறந்த மண்ணைச் சொல்லும், செய்யும் வேலையைச் சொல்லாது. ஸ்ட்ரெப்டோமைசின் போன்றவை ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாவின் வழி வந்தவை. ஜென்டாமைசின் வேறு நுண்ணுயிரில் இருந்து வந்ததால் ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி எழுதுவார்கள். தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமே காணாமல் போகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. வால் வேறாக இருந்தாலும் வேலை ஒன்றாக இருக்கலாம். அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், எடோரிகாக்சிப் என்று மூன்று வால், மூன்றும் வலி மாத்திரைதான். சேர்த்து விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் பதில் சொல்ல வேண்டிவரும்.

2018 முதல் நம் நாட்டில், ஒரே மருந்து உள்ள மாத்திரை அட்டையில் பொதுப்பெயரை பிராண்ட் பெயரைவிடக் குறைந்தது இரண்டு அளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. வாலைத் தேடப் பூதக்கண்ணாடி வேண்டாம். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் பேத்தி ஸ்கெட்ச் பேனாவில் ஒவ்வோர் அட்டையின் வாலையும் வட்டம் போட்டு, பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். போன வாரம் மெடிக்கலில் புது அட்டையை நீட்டியதும் பெரியம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுவும் டானா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா, இது டிபின்."