டிபி மாத்திர சாப்பிடறவங்களுக்கு வர்ற 6000 ரூபா எங்க போய் நின்னுக்குது

திருப்பூர்ல பனியன் கம்பெனி செக்கிங்ல இருந்த அக்கா ஒருத்தங்க, டிபி வந்து ஆறு மாசமும் மாத்திரய ஒரு நாள் விடாம முழுங்கி குணமும் ஆயிட்டாங்க, ஆனா சத்தான சாப்பாட்டுக்குன்னு வர வேண்டிய காசு ஒத்த ரூபா வரலீங்க. பேங்க்ல கேட்டா ஆஸ்பத்திரிக்குப் போங்கறாங்க, ஆஸ்பத்திரில கேட்டா உங்க அக்கவுண்ட் விவரத்த நாங்க அப்பவே கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, பேங்க்ல கேளுங்கறாங்க. லீவு போட்டு அலஞ்சதுல போன கூலிதான் மிச்சம்.

2030க்குள்ள டிபிய ஒழிக்கணும்ங்கறது உலக நாடுகள் வச்ச இலக்கு, நம்ம மத்திய சுகாதாரத் துறை 2025லயே முடிக்கறோம்னு சொல்லுச்சு (சொல்றதுக்கென்னங்க). அதுல ஒரு பகுதிதான் டிபிக்காரங்க சத்தா சாப்பிடக் காசு குடுக்கற, 2018ல வந்த நிக்ஷய் போஷண் திட்டம். மொதல்ல மாசம் 500, 2024 நவம்பர்லருந்து 1000.

மாசாமாசம் வரும்னு காத்திருக்காதீங்க, 3000 ஆரம்பத்துல, இன்னொரு 3000 சிகிச்சை 84 நாள் முடிஞ்சப்பறம். வருமானச் சான்றிதழ் எதுவும் வேண்டியதில்ல, கேட்டா எதுக்குன்னு திருப்பிக் கேளுங்க. தனியார் ஆஸ்பத்திரில பாக்கறவங்களுக்கும் உண்டு, ஆனா டாக்டர் உங்க பேர நிக்ஷய்ல (டிபி நோயாளிகளப் பதியற அரசாங்க வெப்சைட்) பதிஞ்சிருக்கணும். டிபி வந்தவங்கள அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்தறது 2012லருந்தே கட்டாயம், இருந்தும் எல்லாரும் பண்றதில்லீங்க, அதனால அங்க பதிஞ்சா வர்ற நம்பர், நிக்ஷய் ஐடி என்னன்னு வாய்விட்டுக் கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

அந்த அக்கா விசயத்துல என்னாச்சுன்னா, 2020ல பேங்க்குகள ஒண்ணாச் சேத்தாங்கல்ல, அதுல அவங்க பேங்க்கும் ஒண்ணு, ஐஎஃப்எஸ்சி (பேங்க் கிளையோட கோடு) மாறிப்போச்சு, இவங்க பழைய பாஸ்புக் ஜெராக்ஸ குடுத்துட்டாங்க. அத ஒருத்தரும் பாத்துச் சொல்லல. ரொம்ப நாளா தொடாத ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட குடுத்தாலும் இதே கததான், மொதல்ல ஒரு நூறு ரூபா போட்டு எடுத்து அக்கவுண்டு உசுரோட இருக்குதான்னு பாருங்க. அக்கவுண்டே இல்லீன்னா ரத்த சொந்தத்தோட அக்கவுண்ட, சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கலாம்.

பாதில கம்பெனி மாறி ஈரோட்டுக்கோ ஊருக்கோ போறவங்க அங்க போய் புதுசா பதிஞ்சுறாதீங்க, பழைய ஐடியவே டிரான்ஸ்பர் பண்ணச் சொல்லுங்க.

"ஏத்தியாச்சு"ன்னு சொன்னா நம்பிட்டு வந்தறாதீங்க. ஸ்கிரீன்ல இருக்கற அக்கவுண்ட் நம்பரயும் ஐஎஃப்எஸ்சியயும் வாசிக்கச் சொல்லி, கையில பாஸ்புக்க வச்சு ஒவ்வொரு எழுத்தா சரி பாருங்க. மூஞ்சி சுளிப்பாங்க, சுளிக்கட்டும். அப்பவும் வரலீன்னா 1800 11 6666, காசில்லாத நம்பர்தான், ஐடிய கையில வச்சுட்டுக் கூப்பிடுங்க.