செனற் சபை, மூதவை, மேல்சபை: எந்தச் சொல் எதுக்கு?

பழைய பேப்பர்களில "செனற்றர் நடேசன்", "செனற்றர் திருச்செல்வம்" எண்டு பேர் வரும். இப்பத்தைப் பெடியள் அதைப் பாத்திட்டு இவை அமெரிக்காவில இருந்தவையோ எண்டு கேக்கினம், அதுகளையும் பிழை சொல்லேலாது, 1971க்குப் பிறகு இலங்கையில அப்பிடி ஒரு சபையே இல்லை. 1947இல தொடங்கி 24 வருசம் எங்கட பாராளுமன்றத்துக்கு ரெண்டு சபை இருந்தது, சனம் வோட்டுப் போட்டு அனுப்பினது பிரதிநிதிகள் சபை, மற்றது செனற் சபை. அதுக்குத் தமிழ் மூதவை.

முதல்ல செனற்றைப் பாப்பம். லத்தீனில செனெக்ஸ் எண்டால் வயசாளி, கிழவர். அதில இருந்து செனாத்துஸ், அதாவது ரோமாபுரியில பெரியாக்கள் கூடி இருந்து கதைக்கிற சபை. சீனியர் எண்ட சொல்லும் அதே வேர்தான், போர்த்துக்கேயர் மரியாதைக்குச் சொல்லுற செஞ்ஞோரும் அதே வேர்தான், ஏன், பள்ளிக்கூடத்தில வாத்தியாரை "சேர்" எண்டு கூப்பிடுறமே, அதுவும் பிரெஞ்சுக்குள்ளால சுத்தி இங்கிலீசுக்கு வந்த அதே கிழவர்தான்!

மூதவையும் அந்தக் கருத்தைத்தான் பிடிக்குது. முதுமை + அவை. மை விழுந்து, மு நீண்டு மூ ஆகும், இலக்கணகாரர் ஆதிநீடல் எண்டுவினம். திருகோணமலைப் பக்கம் மூதூர் இருக்கெல்லோ, முதுமை + ஊர், அதே மாதிரித்தான், மூதாட்டி மூதறிஞர் எல்லாம் இந்த வழிதான். சிலபேர் இதை மூண்டு அவை எண்டு பிரிக்கினம், அது சரிவராது, மூண்டு எண்டால் மூவவை எண்டெல்லோ வரும். அவை எண்ட சொல்லும் நல்ல பழசு, உறையூர் அவையத்தைப் புறநானூறு பாடுது, குறளில அவையறிதல், அவையஞ்சாமை எண்டு ரெண்டு அதிகாரம் இருக்கு. சபை எண்ட வடசொல்லுத்தான் தமிழில அவை ஆனது எண்டு சொல்லுற அறிஞரும் இருக்கினம். இருக்கட்டும், ரெண்டாயிரம் வருசம் பழகின சொல்லை இனி ஆர் வெளியில விடப்போகினம்.

மேல்சபை, மேலவை எண்டது வேற சாமான். அது ரெண்டு சபையில இது எந்தப் படியில எண்டு மட்டும் சொல்லுது, உள்ள ஆர் இருக்கினம் எண்டு சொல்லாது. தமிழ்நாட்டில 1986இல கலைச்ச சட்ட மேலவையைப் பற்றிக் கதைக்கேக்க அந்தச் சொல் சரி. ஆனா மேல் எண்டதும் கன பேர் அதிகாரமும் கூட எண்டு நினைக்கினம், எங்கட செனற்றில நடந்தது நேர் எதிர். காசு சம்பந்தமான சட்டமூலம் எண்டால் ஒரு மாசம்தான் இழுக்கலாம், அதுக்குப் பிறகு இவை ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும் அது சட்டம். மற்றச் சட்டமூலங்களையும் சுணக்கலாமே தவிர நிப்பாட்டேலாது, பிரதிநிதிகள் சபை அடுத்த கூட்டத்தொடரிலயும் பிடிவாதமா நிறைவேற்றினால் கதை முடிஞ்சுது.

உள்ளுக்கு 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை விகிதாசார முறையில தெரிவு செய்யும், மிச்சம் 15 பேரைப் பிரதமர் சொல்ல மகாதேசாதிபதி (பிரிட்டிஷ் முடியின்ர பிரதிநிதி) நியமிப்பார். ஆறு வருசப் பதவி, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மூண்டில ஒரு பங்கு ஆக்கள் போவினம், சபை முழுசாக் கலையாது. 35 வயசுக்குக் குறைஞ்ச ஆள் செனற்றர் ஆகேலாது, மூதவை எண்ட பேருக்கு சட்டத்தில இருந்த ஒரே சாட்சி இதுதான் போல. சுதந்திரத்துக்கு முன்னம் அரசியலமைப்பைப் பற்றி ஆராய பிரிட்டன் அனுப்பின சோல்பரி ஆணைக்குழு நினைச்சது என்னெண்டால் எலெக்‌ஷனில இறங்கி ஊர் ஊராக் கத்தித் திரிய விருப்பமில்லாத டொக்டர்மார், அப்புக்காத்துமார் (வக்கீல்மார்), வியாபாரத்தில பெரியாக்கள் இப்பிடியானவையின்ர அனுபவம் நாட்டுக்கு வேணும், அவசரச் சட்டங்களை ஒருக்கா ஆறுதலாப் பாக்க ஆக்கள் வேணும் எண்டு. கூடினது கொழும்புக் கோட்டையில கோர்டன் கார்டன் பக்கத்துக் கட்டடம், அந்தக் காலச் சட்டநிரூபண சபைக்குக் கட்டினது, இப்ப வெளிவிவகார அமைச்சு இருக்கிறது அதுக்குள்ளதான்.

ஆனா என்னைக் கேட்டால் இது மூதவையா இருந்ததை விட மந்திரிசபைக்குள்ள போற பக்கக் கதவாத்தான் கூட இருந்தது. மந்திரிமாரில குறைஞ்சது ரெண்டு பேர் செனற்றர்மாரா இருக்கோணும், அதில ஒராள் நீதி மந்திரி எண்டு அரசியலமைப்பிலயே எழுதி இருந்தது. 1960 ஜூலை தேர்தலில சிறிமாவோ பண்டாரநாயக்கா எந்தத் தொகுதியிலயும் நிக்கேல்லை, கட்சி வெண்டுது, ஜூலை 21 பிரதமர் ஆனா, ஓகஸ்டில செனற்றுக்கு நியமனம். உலகத்தின்ர முதல் பெண் பிரதமர் அந்த ஆட்சி முடியுமட்டும் செனற்றர்தான், இதை எங்கட ஆக்களே கன பேர் கவனிக்கிறேல்லை.

அடுத்தவர் எம். திருச்செல்வம், பெரிய அப்புக்காத்து, கியூ.சி. (மகாராணியின்ர வழக்கறிஞர் எண்ட பட்டம்). 1965இல டட்லி சேனநாயக்காவின்ர அரசாங்கத்தோட தமிழரசுக் கட்சி சேர்ந்தப்போ இவரை செனற்றர் ஆக்கி உள்ளூராட்சி மந்திரியாப் போட்டினம். கோணேசர் கோயில் இருக்கிற திருகோணமலைக் கோட்டைப் பகுதியைப் புனித பிரதேசமா அறிவிக்கலாமோ எண்டு பாக்க இவர் ஒரு குழு போட்டார், பிக்கு ஒருத்தர் எதிர்க்க பிரதமர் அந்தக் குழுவையே நிப்பாட்டிப்போட்டார். 1968இல திருச்செல்வம் ராஜினாமா, கட்சியும் அரசாங்கத்தை விட்டு வெளிய வந்திட்டுது. சபையின்ர முழுக் காலமும் இருந்த நடேசன் கியூ.சி. வேற ரகம், அவர் மந்திரிப் பதவிக்கு வந்த ஆள் இல்லை, வாதாட வந்த ஆள்.

சிறுபான்மைக்கு ஒரு காவலா இருக்கும் எண்ட எதிர்பார்ப்பும் அப்ப இருந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர் லட்சக்கணக்கில நாடற்றவர் ஆச்சினம், 1956இல தனிச் சிங்களச் சட்டம் வந்தது, ரெண்டும் இந்தச் சபை இருக்கத்தக்கனதான் வந்தது. பாதிப்பேர் பிரதமர் சொல்லி வந்தவை, மிச்சப் பாதியும் பிரதிநிதிகள் சபையின்ர பலத்துக்கு ஏற்ற மாதிரி வந்தவை, பிறகு எப்பிடி அது எதிர்த்து நிக்கும்?

இடதுசாரிகளுக்கு ஆரம்பத்தில இருந்தே இதில கண், காசுக்காரரின்ர கோட்டை எண்டு. 1970இல சிறிமாவோவின்ர கட்சியும் இடதுசாரிகளும் சேர்ந்த ஐக்கிய முன்னணி மூண்டில ரெண்டு பங்குக்கு மேல வெண்டு வர, 1971 செப்ரெம்பர் 28 கடைசிக் கூட்டம், ஒக்ரோபர் 2 சபை இல்லை. அடுத்த வருசம் வந்த குடியரசு அரசியலமைப்பில தேசிய அரசுப் பேரவை எண்டு ஒரே சபை.

சபை போனாலும் சொல் தப்பீட்டுது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில செனற் கூட்டத்துக்கு இண்டைக்கும் மூதவைக் கூட்டம் எண்டுதான் போடுறவை, அங்க பேரவை எண்டால் அது கவுன்சில், குழப்பக்கூடாது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில செனற்றை ஆட்சிப்பேரவை எண்டுவினம். அதால எழுதுற ஆக்கள் இலங்கையின்ர பழைய சபைக்கும் ரோமாபுரிக்கும் மூதவை எண்டு தாராளமா எழுதலாம், அமெரிக்காவுக்கு செனற் சபை எண்டே பழகீட்டுது, லண்டனில இருக்கிறது பிரபுக்கள் சபை, டெல்லியில இருக்கிறது மாநிலங்களவை, எல்லாத்துக்கும் மூதவையை ஒட்டுறது சரியில்லை.

2017இல இலங்கைக்குப் புது அரசியலமைப்பு எழுதுறதுக்காக வந்த இடைக்கால அறிக்கையில திரும்ப ஒரு இரண்டாம் சபை சொல்லி இருந்தினம், 55 பேர், அதில 45 பேர் ஒவ்வொரு மாகாண சபையில இருந்தும் ஐஞ்சு பேர் எண்ட கணக்கில. அது நடக்கேல்லை. நடந்திருந்தால் அதுக்கு மூதவை எண்டு பேர் வைக்கிறது பொருந்தாது எண்டுதான் சொல்லுவன், ஆக்கள் வயசுக்கோ அனுபவத்துக்கோ வாறேல்லை, மாகாணத்துக்கு வாறவை, மாகாணங்களவை எண்டு போட்டால் சரியா இருக்கும்.