கயாக்: எங்கேர்ந்து வந்த சொல், தமிழ்ல என்னன்னு சொல்றது

கயாக்னா ஒருத்தரோ ரெண்டு பேரோ காலை முன்னாடி நீட்டி உக்காந்து, ரெண்டு முனையிலயும் அலகு வெச்ச ஒரே துடுப்பால இடது வலதுன்னு மாத்தி மாத்தி தண்ணியத் தள்ளிட்டுப் போற ஒடுக்கமான படகு. மேல்பக்கம் மூடியிருக்கும், ஆள் இறங்கி உக்கார மட்டும் ஒரு ஓட்டை (இப்ப மேலேயே உக்காந்து ஓட்டற பிளாஸ்டிக் மாடலும் வந்தாச்சு). கனோ வேற, அது திறந்த படகு, துடுப்புக்கு ஒரு முனைல மட்டும்தான் அலகு. விளம்பரத்துல ரெண்டையும் கலந்து கட்டி அடிப்பாங்க, கண்டுக்காதீங்க.

சொல்லு கிரீன்லாந்து இன்யூட் மக்களோடது. அவங்க உச்சரிப்புல முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் நம்ம 'க' இல்ல, அதைவிட உள்ள, அடித்தொண்டையில பிறக்கற ஒலி. அதுக்குன்னே தனி எழுத்து வெச்சிருந்தாங்க, 1973ல எழுத்துமுறைய மாத்தினப்பதான் அந்த எழுத்து போச்சு. பன்மைல சொல் 'கான்னத்'னு ஆளே மாறிடும். கிரீன்லாந்து டென்மார்க் ஆட்சிக்குக் கீழ வந்ததால டேனிஷ் வழியா 18-ஆம் நூற்றாண்டுல ஆங்கிலத்துக்குப் போயி, அங்கேர்ந்து நமக்கு வந்திருக்கு. அனோரக்னு தொப்பி வெச்ச குளிர் ஜாக்கெட்டுக்கு சொல்றாங்களே, அதுவும் கிரீன்லாந்துலேர்ந்து இதே ரூட்டுல வந்ததுதான். துருக்கில கயிக்னு ஒரு படகு இருக்கு, ஒலி ஒத்துப்போகுதே தவிர உறவு கிடையாது. அதே மாதிரி கயம்னா குளம், அதனால கயாக் தமிழ்ச்சொல்தான்னு யாரும் கிளம்பிட வேணாம் ப்ளீஸ்.

அவங்களுக்கு இது பொழுதுபோக்கு இல்ல, சீல் வேட்டைக்கான படகு. மரமே வளராத ஊர்ல கடல் அடிச்சுட்டு வந்து ஒதுக்கற கட்டைய வெச்சு சட்டம் கட்டி, மேல சீல் தோலை இழுத்துத் தைப்பாங்க, தண்ணி கசியாத அந்தத் தையல் பெண்கள் கைவேலை. அளவு ஓட்டறவனோட உடம்புலேர்ந்துதான், நீளம் அவன் ரெண்டு கையையும் விரிச்சா வர்ற மாதிரி மூணு மடங்கு, அகலம் இடுப்பளவு கூட ரெண்டு முஷ்டின்னு ஒரு கணக்கு சொல்வாங்க, டெய்லர் அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி. மேல போட்டுக்கற தோல் ஜாக்கெட்டை அந்த ஓட்டையோட விளிம்புல இறுக்கிக் கட்டிட்டா படகு கவுந்தாலும் உள்ள தண்ணி வராது, ஒரு சுழட்டு சுழட்டி நிமிந்துடுவான். குடும்பத்தையும் சாமானையும் ஏத்திட்டுப் போக பெரிய திறந்த படகு தனியா உண்டு, அதுக்கு உமியாக்னு பேரு, அதை வலிக்கறது பெரும்பாலும் பெண்கள். ஆக கயாக்னா பொதுவா 'படகு' இல்ல, ஒரு குறிப்பிட்ட வகைப் படகோட பேரு. கீழ தமிழாக்கத்துல இது வேலைக்கு வரும்.

இன்னிக்கு பெரிய துறைமுக நகரம் பாதிலயும் கயாக்ல ஊர் சுத்திக் காட்டறாங்க, ஆனா இந்தச் சொல்லுக்கு நேரடித் தொடர்பு உள்ள ஊர்னா டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன்தான், அந்தத் தொடர்பு அவ்வளவு இனிமையானது இல்ல. 1605ல டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியன் கிரீன்லாந்துக்கு அனுப்பின கப்பலுங்க அங்கேர்ந்து சில பேரை வலுக்கட்டாயமா பிடிச்சு, அவங்க கயாக்கோடவே இந்த ஊருக்குக் கொண்டு வந்துச்சு. பதினாறு துடுப்பு போட்டு ஓட்டற ஒரு படகோட போட்டி போட வெச்சு வேடிக்கை பாத்தாங்க. பிடிச்சுட்டு வந்தவங்கள்ல சில பேரு அதே கயாக்ல ஏறி ஊருக்குத் தப்பிச்சுப் போகப் பாத்து மாட்டிக்கிட்டதாவும் பழைய குறிப்புகள் சொல்லுது. கோபன்ஹேகன்லேர்ந்து கிரீன்லாந்துக்கு, நடுவுல அட்லாண்டிக், தோல் படகுல! அப்புறம் 1724ல போக், கிபெரோக்னு ரெண்டு கிரீன்லாந்துக்காரங்க வந்தாங்க, அவங்களும் நகரத்துக் கால்வாய்கள்ல கயாக் ஓட்டிக் காட்டினாங்க. அந்த வருஷமே வரைஞ்ச அவங்க ரெண்டு பேரோட ஓவியம் இப்பவும் இருக்கு.

இன்னிக்கு டூரிஸ்ட் ஓட்டறதும் அதே தண்ணிதான். அரண்மனையும் பார்லிமென்ட்டும் இருக்கற ஸ்லாட்ஸ்ஹோல்மென் தீவைச் சுத்தி ஒரு கால்வாய் போகுது, ஹோய்ப்ரோ பாலத்துக்கிட்ட வேகத்தைக் குறைச்சு கீழ பாத்தா தண்ணிக்கடியில வெண்கலச் சிலைங்க, ஒரு கடல்மனுஷனும் அவனோட ஏழு பிள்ளைங்களும், விட்டுட்டுப் போன அம்மாவைத் திரும்பி வரச்சொல்லி கைய நீட்டிக் கெஞ்சற மாதிரி, 1992ல வெச்சது, பெரிய டூர் போட்ல போனா சர்ருனு தாண்டிடுவான். பக்கத்துலயே பழைய பங்குச்சந்தை கட்டடம், நாலு டிராகன் வாலு முறுக்கின கோபுரம் அதுக்கு அடையாளம், 2024 ஏப்ரல்ல தீப்பிடிச்சு அந்தக் கோபுரமே விழுந்துச்சு, திரும்பக் கட்டறாங்க. வெளிய பெரிய துறைமுகத்துக்கு வந்தா ராயல் லைப்ரரியோட கறுப்பு கிரானைட் கட்டடம் (1999), பளபளன்னு தண்ணி மேல சாய்ஞ்சு நிக்கும், நம்ம தலை தண்ணி மட்டத்துலேர்ந்து ரெண்டரை மூணு அடி உயரத்துலதான் இருக்கறதால அந்தக் கல்லுல அலை நெளியறது நேரா கண்ணுக்கு எதிர்ல தெரியும். நியூஹவ்ன்கற கால்வாய்க்கரைல இருக்கற கலர் வீடுங்க எல்லா போட்டோலயும் பாத்ததுதான். கடல்கன்னி சிலைக்கு மெனக்கெட்டுப் போக வேணாம்னுதான் சொல்வேன், ஒண்ணேகால் மீட்டர்தான் உயரம், அதுவும் தண்ணிப் பக்கத்துலேர்ந்து முதுகுதான் தெரியும்.

அதுக்குப் பதிலா கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன் பக்கம் போங்க, கால்வாய் முகப்புல 18-ஆம் நூற்றாண்டு கிடங்கு ஒண்ணு இருக்கு, கிரீன்லாந்து, ஐஸ்லாந்துலேர்ந்து வந்த மீனு, திமிங்கில எண்ணெய், தோலு எல்லாம் இறங்கின இடம், இப்ப கிரீன்லாந்தோட பிரதிநிதி ஆபீஸும் அங்கதான். மஞ்சக்கலர் துறைமுக பஸ் படகு வர்றப்ப ஓரம் கட்டிடுங்க, அது கிளப்பற அலையை பக்கவாட்டுல வாங்காம மூக்கை அலைக்கு நேரா திருப்பிக்கணும். குப்பை பொறுக்கிட்டு வந்தா ஓசிலயே கயாக் தர்ற கிரீன்கயாக்ங்கற ஏற்பாடும் 2017ல இந்த ஊர்ல ஆரம்பிச்சதுதான்.

சரி, தமிழ்ல என்ன? 'துடுப்புப் படகு'ன்னு எழுதறாங்க, எனக்கு உடன்பாடில்ல, பிச்சாவரத்துல ஆள் ஒருத்தர் வலிச்சுட்டுப் போற திறந்த படகும் துடுப்புப் படகுதானே, எதைச் சொல்றீங்கன்னு எப்படித் தெரியும்? வள்ளம், தோணி, ஓடம் மூணுமே நமக்கு வேற உருவம் உள்ள சொந்தப் படகுங்க. கட்டுற விதத்துல கிட்ட வர்றது பரிசல்தான், அதுவும் சட்டம் கட்டி மேல தோல் போர்த்தினதுதான் அந்தக் காலத்துல, ஆனா வட்டமா இருக்கறதைக் காட்டி கயாக்னு சொன்னா ஒகேனக்கல்காரர் சிரிப்பாரு. அதனால படகோட பேரை கயாக்னே வெச்சுக்கலாம். நம்ம கட்டுமரத்தை இங்கிலீஷ்காரன் எடுத்துட்டுப் போயி, கட்டையும் இல்லாம கட்டும் இல்லாம ரெண்டு உடல் வெச்ச சொகுசுப் படகுக்கு கேட்டமரான்னு வெச்சுட்டான், அந்த வேலைய நாம கயாக்குக்குப் பண்ண வேணாமே.

ஆனா மத்ததுக்கெல்லாம் தமிழ் தாராளமா இருக்கு. அந்த நீளக்கோல் இருமுனைத் துடுப்பு. ஓட்டற செயலுக்கு துழாவறதுன்னு சொல்லலாம், களி கிண்டறதுக்கும் துடுப்புன்னுதான் பேரு, அங்கயும் துழாவத்தானே செய்யறோம். தண்டு வலிக்கறதுங்கறது படகோட விளிம்புல மாட்டின தண்டை இழுக்கறது, பெரும்பாலும் போற திசைக்கு முதுகு காட்டி உக்காருவாங்க, இதுக்கு அது சேராது. ஊர் பாக்கப் போறதை 'கயாக் சவாரி'ங்கறதைவிட 'கயாக் உலா'ன்னா நல்லா இருக்கு, சவாரின்னா யாரோ கூட்டிட்டுப் போற மாதிரி, இங்க நம்ம கைதான் இன்ஜின். எழுதறப்ப கயாக்கில், கயாக்குகள்னு சாதாரணமா வேற்றுமை சேத்துக்கலாம், 'கயாகிங் செய்தல்'னு மட்டும் வேணாம், கயாக் ஓட்டறதுன்னாலே போதும்.