ஸ்டேஜ் நேம்: புனைபெயரா, மேடைப்பெயரா?

விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும் முதியவரைக் காவலர் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டு, மைக்கேல் கெய்ன் என்று பெயர் சொல்லி முகமலர வரவேற்கிறார். அடுத்த கணம் அவர் நீட்டும் கடவுச்சீட்டைத் திறந்தால், அதில் மாரிஸ் ஜோசப் மிக்கிள்வைட் என்று அச்சாகியிருக்கிறது. உலகமே அறிந்த முகத்துக்கு யாரும் அறியாத பெயர். சோதனைகள் கடுமையாகிவிட்ட பிறகு இந்தக் குழப்பத்தால் ஒரு மணி நேரம்கூட நிற்க நேரும் என்று சொன்ன அந்தப் பிரிட்டிஷ் நடிகர், 2016ஆம் ஆண்டு, தம் 83ஆம் வயதில், சட்டப்படியே மைக்கேல் கெய்ன் ஆகிவிட்டார். அதற்கு முந்தைய 62 ஆண்டுகள் அவர் சுமந்துகொண்டிருந்தது எந்த வகைப் பெயர் என்று கேட்டால், ஆங்கிலத்தில் தயங்காமல் ஸ்டேஜ் நேம் என்பார்கள். தமிழில் அதையே புனைபெயர் என்றும், மாற்றுப்பெயர் என்றும், சில வேளைகளில் பட்டப்பெயர் என்றும் எழுதி வருகிறோம். இம்மூன்றும் ஒன்றல்ல என்பதோடு, கெய்னின் வாழ்க்கையில் இவற்றுள் எதுவும் சரியாகப் பொருந்தவும் இல்லை.

சொல்லின் பிறப்பை முதலில் பார்த்துவிடலாம். ஸ்டேஜ் என்பது பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேர் லத்தீனில் நிற்றலைக் குறிக்கும் ஸ்தாரே என்னும் வினை. முதலில் கட்டடத்தின் தளத்தை, அதாவது நிற்பதற்கான இடத்தைக் குறித்த அச்சொல், பிற்பாடு நடிகர்கள் ஏறி நின்று நடிக்கும் பலகைத் தளத்துக்கும், பயணத்தின் கட்டத்துக்கும், நோயின் நிலைக்கும் பரவியது. தமிழில் நில் என்னும் வேரிலிருந்து நிலை என்னும் சொல் கிளைத்துப் பலவாறு விரிந்ததை நினைத்துக்கொண்டால் இந்த விரிவு வியப்பாகத் தோன்றாது. நேம் என்பதோ லத்தீனின் நோமென், சமஸ்கிருதத்தின் நாமன் ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட நாமமும் ஆங்கிலேயரின் நேமும் தூரத்து உறவினர். (நெற்றியில் இடும் நாமத்தையும் ஏமாந்தவருக்குப் போடும் நாமத்தையும் இங்கே இழுக்க வேண்டியதில்லை.) ஆக ஸ்டேஜ் நேம் என்பதன் நேர்ப்பொருள், ஒருவர் மேடையில் நிற்கும்போது தாங்கும் பெயர் என்பதே. அதில் பொய் என்னும் பொருளோ ஒளிவு என்னும் பொருளோ கிடையாது.

இதன் அண்டைச் சொற்கள் அப்படிப்பட்டவை அல்ல. சூடோனிம் என்னும் கிரேக்க வழிச் சொல்லைப் பிரித்தால் பொய்ப்பெயர் என்றே பொருள் வரும். அலியாஸ் என்பது வேறு வேளையில், வேறு வகையில் என்று பொருள்படும் லத்தீன் சொல். நம் ஊர்க் காவல்துறைச் செய்திகளிலும் நிலப்பத்திரங்களிலும் இரண்டு பெயர்களுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் ஒற்றை எகரமாக வந்து நிற்கும் ‘என்கிற’ செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. நோம் டி கேர் என்பது பிரெஞ்சுப் படையில் சேர்ந்த வீரர்கள் சூடிக்கொண்ட போர்ப்பெயர். எழுத்தாளருக்குரிய நோம் டி புளூம், அதாவது இறகுப்பெயர், பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டு ஆங்கிலேயர்களே கட்டியது.

நடிகருக்குத் தனிப்பெயர் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஐரோப்பிய நாடக வரலாறு முகம் சுளிக்க வைக்கும் விடையைத் தருகிறது. இங்கிலாந்தில் 1572ஆம் ஆண்டின் சட்டம், பிரபுக்களின் ஆதரவில்லாத நாடகக்காரர்களை ஊர்சுற்றித் திரியும் நாடோடிகளோடு சேர்த்துத் தண்டனைக்குரியவர்களாக வைத்தது. கூத்தாடி என்னும் சொல்லை நாமும் வசையாகத்தானே பயன்படுத்தினோம்? குடும்பத்துக்கு அவப்பெயர் வராமலிருக்கப் பெயரை வீட்டிலேயே விட்டுவிட்டு மேடையேறுவது வழக்கமாயிற்று. பிரான்சில் ழான் பாப்டிஸ்ட் போக்லன் 1644இல் மொலியேர் ஆனார். இங்கிலாந்தில் ஜான் ஹென்றி புராட்ரிப் என்னும் இளைஞர் ஹென்றி இர்விங் என்ற பெயரில் நடிக்கத் தொடங்கி, 1895இல் சர் பட்டம் பெற்ற முதல் நடிகர் ஆனார்.

கெய்ன் காலத்தில் அந்தக் கூச்சம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. 1933 மார்ச் 14 அன்று லண்டனின் ராதர்ஹித் பகுதியில் பிறந்தவர் அவர். தந்தை பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையில் சுமை தூக்கினார்; தாய் சமையல் வேலையும் வீடு துடைக்கும் வேலையும் செய்தார். மிக்கிள்வைட் என்னும் பெயரால் இழுக்கு அடைய அந்த வீட்டில் மாளிகை மரியாதை எதுவும் இருக்கவில்லை. கட்டாய இராணுவச் சேவையில் கொரியப் போர்முனை வரை சென்று திரும்பியவர், தி ஸ்டேஜ் என்னும் நாடகத் தொழில் வார இதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, ஹார்ஷம் நகரின் சிறு நாடகக் குழுவில் உதவி ஸ்டேஜ் மேனேஜராகச் சேர்ந்தார். இதழின் பெயரிலும் ஸ்டேஜ், வேலையின் பெயரிலும் ஸ்டேஜ். அடுத்து வரவேண்டியது ஸ்டேஜ் நேம்தான். மிக்கிள்வைட் என்பது வாயில் எளிதில் நுழையாது என்பதால், கொஞ்ச காலம் மைக்கேல் ஸ்காட் என்று நடித்தார்.

1954இல் லண்டனுக்கு வந்தபோது சிக்கல் தொடங்கியது. லெஸ்டர் சதுக்கத்தின் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று தம் முகவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, மைக்கேல் ஸ்காட் என்ற பெயரில் வேறொருவர் ஏற்கெனவே லண்டனில் நடித்துக்கொண்டிருப்பதால், புதிய பெயர் ஒன்றை உடனே சொல்ல வேண்டும் என்று அந்த முகவர் கேட்டார். 1930இல் தொடங்கப்பட்ட ஈக்விட்டி என்னும் நடிகர் சங்கத்தில் ஒரே பெயரை இரு உறுப்பினர்கள் தொழிலில் பயன்படுத்த முடியாது. இளைஞர் கூண்டின் கண்ணாடி வழியே சுற்றிலும் பார்த்தார். ஓடியன் திரையரங்கில், அவருக்கு மிகவும் பிடித்த ஹம்ப்ரி போகார்ட் நடித்த ‘தி கெய்ன் மியூட்டினி’ ஓடிக்கொண்டிருந்தது. கெய்ன் என்பது அக்கதையில் வரும் கற்பனைக் கப்பலின் பெயர். இல்லாத ஒரு போர்க்கப்பலின் பெயர் அன்று முதல் மீன் சந்தைத் தொழிலாளியின் மகனுக்கு ஒட்டிக்கொண்டது. வேறு பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால் தம் பெயர் ‘மைக்கேல் நூற்றொரு டால்மேஷியன்கள்’ என்று ஆகியிருக்கும் என்று பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகச் சொல்வார். அந்த நாய்ப்படம் வெளிவந்தது 1961இல்தான். ஆகவே காலக்கணக்கு இடிக்கிறது. வேடிக்கையை வரலாறாக எழுதிவிடாமல் இருந்தால் சரி.

இந்த இடத்தில் தமிழ்த் திரையுலகம் நினைவுக்கு வராமல் போகாது. வெண்ணிற ஆடை மூர்த்தி, நிழல்கள் ரவி என்று படத்தின் பெயரையே நடிகர் சுமப்பது நமக்குப் பழகியது. சத்ரபதி சிவாஜியாக மேடையேறிய கணேசன் கடைசிவரை சிவாஜி கணேசனாகவே இருந்தார். வேறுபாடு ஒன்றுதான்: நம்மவர்கள் தாங்கள் நடித்ததன் பெயரைச் சுமந்தார்கள்; கெய்ன் தாம் நடிக்காத, தொலைவிலிருந்து பார்த்த படத்தின் பெயரைச் சுமந்தார்.

பெயரை மாற்றியவர் பேச்சை மாற்றவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அக்காலப் பிரிட்டிஷ் நாயகர்கள் மேட்டுக்குடி உச்சரிப்பில் பேச வேண்டும் என்பது எழுதாத விதி. கெய்னின் நாக்கில் இருந்ததோ தெற்கு லண்டன் உழைக்கும் மக்களின் காக்னி வழக்கு. 1964இல் வந்த ‘ஜூலு’ படத்தில் சாதாரணச் சிப்பாய் வேடம் கேட்டுப் போனவருக்கு அது கைநழுவ, மேட்டுக்குடி அதிகாரி பிராம்ஹெட் வேடம் கிடைத்தது. கொடுத்தவர் சை எண்ட்ஃபீல்டு என்னும் அமெரிக்க இயக்குநர். ஆங்கிலேய இயக்குநர் எவரும் அதைத் தமக்குத் தந்திருக்க மாட்டார் என்று கெய்ன் பலமுறை கூறியிருக்கிறார். அடுத்த ஆண்டு ‘தி இப்க்ரெஸ் ஃபைல்’ படத்தில் அவர் ஏற்ற உளவாளிக்கு மூல நாவலில் பெயரே கிடையாது. திரைக்கு வந்தபோதுதான் ஹாரி பாமர் என்று பெயர் சூட்டினார்கள். பிறகு ‘ஆல்ஃபி’, ‘தி இத்தாலியன் ஜாப்’, ‘கெட் கார்ட்டர்’ என்று தொடர்ந்த வரிசையும், 1986, 1999 ஆண்டுகளின் படங்களுக்காகப் பெற்ற இரண்டு ஆஸ்கர் துணை நடிகர் விருதுகளும், இன்றைய இளைஞர்கள் அறிந்த பேட்மேன் படங்களின் ஆல்ஃப்ரெட் வேடமும், 2023இல் 90 வயதில் பெற்ற ஓய்வும் பலரும் அறிந்தவை. பலரும் அறியாதது, அவருடைய தம்பி ஸ்டான்லியும் நடிக்க வந்தபோது ஸ்டான்லி கெய்ன் என்றே பெயர் வைத்துக்கொண்டார் என்பது. அவசரத்தில் பிடித்த பெயர் குடும்பப்பெயர் போலவே ஆகிவிட்டது.

மற்றப் பிரிட்டிஷ் நடிகர்கள் பெயர் மாற்றிய காரணங்கள் வேறு வேறு. லண்டனில் பிறந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட், அதே பெயரில் அமெரிக்காவில் ஒரு நடிகர் புகழ்பெற்றிருந்ததால் ஸ்டூவர்ட் கிரேஞ்சர் ஆனார். நண்பர்களுக்கு மட்டும் கடைசிவரை ஜிம்மி. டேவிட் மெக்டொனால்டு என்ற ஸ்காட்லாந்து இளைஞர், பாடகர் நீல் டெனன்டின் பெயரைக் கண்டு டேவிட் டெனன்ட் ஆனது ஈக்விட்டி விதியால்தான். குஜராத்தி வழி மருத்துவரின் மகனான கிருஷ்ணா பான்ஜி, அயல்நாட்டுப் பெயர் வாய்ப்பைக் கெடுக்கும் என்று அஞ்சிப் பென் கிங்ஸ்லி ஆகி, அந்தப் பெயரோடு 1982இல் காந்தியாக நடித்தார் என்பதில் உள்ள முரணை விளக்க வேண்டியதில்லை. இவற்றுள் மனத்தை உறுத்துவது நடிகை மெர்ல் ஓபரான் கதை. 1911இல் பம்பாயில் பிறந்து, குடும்பத்தில் இலங்கைத் தொடர்பும் கொண்டிருந்த அவர், டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டே வாழ்நாளைக் கழித்தார். அங்கே பெயர் வேடமாக நிற்கவில்லை. பிறப்பையே மூடும் திரையாயிற்று.

இனித் தமிழ்ச் சொல். இயற்பெயர் என்பதில் ஐயமில்லை. தொல்காப்பியத்தின் பெயரியல், சினைப்பெயர், சினைமுதற்பெயர், முறைப்பெயர் ஆகியவற்றோடு அதை வைத்து இலக்கணம் சொல்கிறது. அதற்கு எதிரில் எதை நிறுத்துவது என்பதே கேள்வி. புனைபெயர் அழகான சொல். புனைதல் என்பது பொய்யுரைப்பதை மட்டுமன்றிச் சூடுதல், ஒப்பனை செய்தல், அழகுபடுத்துதல் ஆகியவற்றையும் குறிப்பதால், கிரேக்கச் சொல்லில் உள்ள கசப்பு இதில் இல்லை. ஆயினும் கல்கி, சுஜாதா என்று எழுத்தாளர்களோடு அது இறுகிவிட்டது. புனைபெயர் என்றவுடன் பேனாதான் நினைவுக்கு வருகிறது. மாற்றுப்பெயர் என்பதில் ஒளிந்து திரிபவரின் சாயல் அடிக்கிறது. பட்டப்பெயர் என்பது பிறர் தருவது; தானே சூடிக்கொள்வது பட்டப்பெயர் ஆகாது. தொழிலுக்காக வைத்துக்கொண்டது என்பதால் தொழிற்பெயர் என்று சொல்லலாமே என்று தோன்றும். நல்ல சொல்தான், ஆனால் நடித்தல், படித்தல் என்று இலக்கண ஆசிரியர் அதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கைப்பற்றிவிட்டார்.

திரைப்பெயர் என்று ஒரு சொல்லும் புழங்குகிறது. அது திரைப்படத்தின் பெயரோ என்னும் மயக்கத்தைத் தரும். நாடகத்தில் மட்டும் நடித்தவரையும் பாடகரையும் வெளியே நிறுத்திவிடும். மேடைப்பெயர் என்பதற்கு இந்தக் குறைகள் இல்லை. படத்தில் நடிப்பவருக்கு மேடை ஏது என்று கேட்கலாம். ஆங்கிலத்திலும் திரைநடிகருக்கு ஸ்டேஜ் நேம் என்றே வழங்குகிறார்கள் என்பதும், கெய்ன் உட்பட இங்கே சொல்லப்பட்ட பலரும் மேடையிலிருந்தே திரைக்கு வந்தவர்கள் என்பதும் போதிய விடை. ஆகவே எழுத்தாளருக்குப் புனைபெயர், நடிகருக்கும் பாடகருக்கும் மேடைப்பெயர், சட்டத்துக்கு மறைந்து திரிபவருக்கு மாற்றுப்பெயர் என்று பிரித்து வழங்குவதே என் பரிந்துரை.

பழந்தமிழில் இன்னொரு வகையும் உண்டு. குறுந்தொகையின் நாற்பதாம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் கிடைக்காததால், செம்புலப் பெயல்நீர் என்னும் உவமையைக் கொண்டே அவரைச் செம்புலப்பெயனீரார் என்றார்கள். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றை உவமித்தவர் தேய்புரிப்பழங்கயிற்றினார் ஆனார். இவை மேடைப்பெயர்கள் அல்ல, தொகுத்தவர்கள் இட்டவை. ஆனாலும் ஆளைவிட ஆக்கத்தின் சொல் பெயராகிவிடுவது இங்கே புதிதல்ல என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கெய்னுக்கே திரும்பினால் மேடைப்பெயர், பட்டம், இயற்பெயர் மூன்றும் ஒரே ஆளிடம் மோதிய நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டு எலிசபெத் அரசி அவருக்குச் சர் பட்டம் சூட்டியபோது, தந்தையை நினைத்து, மைக்கேல் கெய்ன் என்ற பெயரில் அன்றிச் சர் மாரிஸ் மிக்கிள்வைட் என்றே அதை ஏற்றுக்கொண்டார். தந்தையின் பெயரும் மாரிஸ் ஜோசப் மிக்கிள்வைட்தான். ஊர் மட்டும் அவரைச் சர் மைக்கேல் என்றே அழைத்தது. எனவே கலைக்களஞ்சியப் பதிவில் இவருக்கு ‘இயற்பெயர்: மாரிஸ் ஜோசப் மிக்கிள்வைட்’ என்று எழுதுவதில் தடையில்லை, ‘மேடைப்பெயர்: மைக்கேல் கெய்ன்’ என்று எழுதினால், 1954 முதல் 2016 வரை என்று ஆண்டுகளையும் சேர்க்க வேண்டும். அதன் பிறகு அது மேடைப்பெயர் அன்று. கடவுச்சீட்டில் உள்ள பெயர்.