நீர்மனிதனுக்கு ஒரு தொட்டித் தண்ணீர் போதுமா?

2017இல் வந்த 'த ஷேப் ஒஃப் வோட்டர்' படத்தில், வாய் பேச முடியாத துப்புரவுத் தொழிலாளி ஒருத்தி, ஆய்வுகூடத்தில் சங்கிலியில் கிடக்கும் நீர்மனிதனைக் காதலிக்கிறாள். அவனைக் கடத்தி வந்து வீட்டுக் குளியல் தொட்டியில் உப்புத் தண்ணீர் கலந்து ஒளித்து வைக்கிறாள். கியேர்மோ டெல் டோரோவின் அந்தப் படத்துக்குச் சிறந்த படம் உட்பட நான்கு ஒஸ்கார் கிடைத்தது. காதலை நான் நம்பிவிட்டேன். தொட்டியைத்தான் நம்ப முடியவில்லை.

ஏன் என்று விளங்கப் பாசையூர்ச் சந்தையில் ஒரு விளைமீன் வாங்கினால் போதும். நல்ல மீனா என்று அறிய மூடியைத் தூக்கிப் பூவின் நிறத்தைப் பார்ப்போமே, அந்தப் பூவால்தான் (செவுள்) அது மூச்சு விட்டது. வளைந்த எலும்பில் சீப்புப் பற்கள் போல இழைகள். ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். அவற்றுக்குள் இரத்தம் தோலை ஒட்டியே ஓடுவதால்தான் அந்தச் சிவப்பு.

சூட்சுமம் ஓடும் திசையில் இருக்கிறது. தண்ணீர் ஒரு பக்கமாகப் போக, தகட்டுக்குள் இரத்தம் எதிர்ப்பக்கமாக வருகிறது. இரண்டும் ஒரே பக்கம் போனால், சற்றுத் தூரத்தில் இரண்டிலும் ஒட்சிசன் சமமாகிவிடும். அதற்கு மேல் இரத்தத்தில் ஏறாது. எதிரெதிராகப் போகும்போதோ, ஓரளவு ஒட்சிசன் ஏற்றிக்கொண்ட இரத்தம், இன்னும் எதையும் இழக்காத புதுத் தண்ணீரைச் சந்திக்கிறது. வழி முழுக்கத் தண்ணீரின் கை ஒருபடி மேலே. இப்படிச் சில மீன்கள் தண்ணீரிலுள்ள ஒட்சிசனில் 80 வீதம் வரை உருவிவிடும். நாமோ இழுக்கும் காற்றில் கால்வாசி ஒட்சிசனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஊதிவிடுகிறோம்.

நமக்கு அந்த ஊதாரித்தனம் கட்டுபடியாகும். ஒரு லீற்றர் காற்றில் 210 மில்லிலீற்றர் ஒட்சிசன் இருக்கிறது. நம் பக்கத்துச் சூடான கடல்நீரில் 5 மில்லிலீற்றர்கூட வராது. உப்பும் சூடும் ஏற ஏற அதுவும் குறையும். சித்திரை வெயிலில் முழங்காலளவு பரவைக்கடலில் வாழும் மீனின் பாட்டை யோசித்துப் பாருங்கள். இரவில் பாசிகளும் ஒட்சிசனை இழுப்பதால், விடியப்புறம்தான் அதற்கு மிக நெருக்கடியான நேரம்.

சரி, தொட்டிக்கு வருவோம். சும்மா இருக்கும் மனிதனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் ஒட்சிசன் வேண்டும். தொட்டியில் 200 லீற்றர் தண்ணீர், லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் 1,000. நான்கு நிமிடத்தில் முடிந்தது. நாயகி முட்டை அவித்துக்கொண்டு வருவதற்குள் காதலன் மூச்சுத் திணறியிருப்பான்.

அவன் மீனைப் போலக் குளிர் இரத்தப் பிராணி என்றால் தேவை பத்தில் ஒரு பங்காகக் குறையலாம். அப்போதும் முக்கால் மணி தாண்டாது. தவிர, பூவில் ஓடும் இரத்தம் தண்ணீரை உரசிக்கொண்டே போவதால் அதன் சூடெல்லாம் தண்ணீருக்கே போய்விடும். ஆகவே அவன் கை எப்போதும் தொட்டித் தண்ணீரின் சூட்டில்தான் இருக்கும். காதலிக்கு அது பிடித்திருந்தால் நமக்கென்ன!

படம் எடுத்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: அவனுக்கு நீரிலும் காற்றிலும் மூச்சுவிட இரண்டு வேறு ஏற்பாடுகள். இது கற்பனைதான், ஆனால் ஆதாரமில்லாத கற்பனை அல்ல. வன்னிக் குளத்து விராலைச் சட்டியில் கொஞ்சத் தண்ணீரோடு உயிருடன் வைத்திருக்க முடிவது ஏன்? பூவுக்கு மேலுள்ள அறையில் அது காற்றை வாங்கி வைத்துச் சுவாசிக்கும். வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே செத்துவிடும். பனையேறிக் கெண்டையும் இதே சாதி. தரங்கம்பாடியில் பனையில் அது ஏறியதைக் கண்டதாக டால்டோர்ஃப் என்ற டேனிஷ்காரர் 1797இல் எழுதினார். மரமேறியது உண்மையோ என்னவோ, நிலத்தில் ஊர்ந்து போகும் என்பது உண்மை.

காற்றைச் சுவாசிக்கும் இந்த ஏற்பாடு இல்லாத விளைமீன் கரைக்கு வந்தால், சுற்றிலும் அவ்வளவு ஒட்சிசன் இருந்தும் சாகிறது. தாங்கிப் பிடிக்கத் தண்ணீரின்றி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, காற்றுப் படும் பரப்பு சுருங்கிவிடுகிறது.

இனி முடிவுக் காட்சி. (படம் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிவிடலாம்.) நாயகியின் கழுத்துத் தழும்புகள் பூவாகத் திறக்க, இருவரும் நீருக்குள் கட்டிப்பிடித்தபடி மிதக்கிறார்கள். அவளுடையது சூடான மனித உடம்பு. கடலின் ஒட்சிசனில் 80 வீதத்தையும் எடுத்தாலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 லீற்றர் தண்ணீர் அந்தக் கழுத்து வழியாகப் போக வேண்டும். பத்து லீற்றர் வாளியில் ஏழு வாளி. தண்ணீரோ காற்றைவிட 800 மடங்கு கனம். சூரை மீன் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருக்கிறது: வாயைத் திறந்தபடி நிற்காமல் நீந்திக்கொண்டே இருக்கும், நின்றால் மூச்சுத் திணறும். நாயகியும் அப்படிச் செய்யலாம்தான், ஆனால் அந்த முத்தம் நடக்காது.